பழைய மென்பொருளும் புதிய இயங்குதளமும்

கணினித் திரையின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு சிறிய அறிவிப்பு தோன்றும். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்துவிட்டது. இப்போதே மேம்படுத்திக்கொள்ளலாம் என்று அது அழைக்கும். பெரும்பாலோர் அதிகம் யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிடுகின்றனர். சிறிது நேரத்தில் கணினி புதிய தோற்றத்துடன் திறக்கிறது. எல்லாம் நன்றாகவே இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால், நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய ஒரு மென்பொருளைச் சொடுக்கினால், அது திறக்க மறுக்கிறது. சில கணினிகளில் அதன் சின்னத்தின்மீது தடைக்குறியும் விழுந்திருக்கிறது.

இத்தகைய சிக்கலுக்கு உள்ளாகும் மென்பொருள்களில் காணொளித் தொகுப்பு மென்பொருள்களுக்கு முக்கிய இடமுண்டு. பள்ளி ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, குடும்பத் திருமணம் என எடுத்த காட்சிகளை வெட்டி, வரிசைப்படுத்தி, இசை சேர்த்து, எழுத்துகளைப் பொறித்து ஒருவர் மாதக்கணக்கில் உழைத்திருப்பார். மென்பொருள் திறக்காவிட்டால் அந்த உழைப்பு முழுவதும் ஒரே நாளில் எட்டாக்கனியாகிவிடும்.

இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகும் பழைய காணொளித் தொகுப்பு மென்பொருள் இயங்குமா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. சில மென்பொருள்கள் எந்தத் தடையும் இன்றி இயங்குகின்றன. சில அரைகுறையாக இயங்குகின்றன. வேறு சில திறப்பதே இல்லை. ஆயினும், இது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த செய்தி அன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தவர், பொத்தானை அழுத்துவதற்கு முன்பே விளைவைக் கணித்துவிடலாம்.

இயங்குதளத்தின் பணி

மென்பொருள் எதுவும் கணினியின் பாகங்களுடன் நேரடியாகப் பேசுவதில்லை. திரையில் ஒரு படத்தைக் காட்ட வேண்டுமானாலும், ஒலிபெருக்கியில் ஓசை எழுப்ப வேண்டுமானாலும், வட்டில் ஒரு கோப்பைச் சேமிக்க வேண்டுமானாலும் அது இயங்குதளத்திடம் கேட்டே பெறுகிறது. விண்டோஸ், மேக் ஓஎஸ் போன்றவை இந்த நடுவர் வேலையைச் செய்கின்றன.

இதனை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தோடு ஒப்பிடலாம். வீடுகளில் குடியிருப்போர் தனித்தனியே கிணறு வெட்டுவதில்லை. மின்சாரம் உற்பத்தி செய்வதும் இல்லை. கட்டடத்தில் பொருத்தப்பட்ட குழாய்களும் கம்பிகளும் அவர்களுக்கு வேண்டியவற்றைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒரு நாள் கட்டட நிர்வாகம் பழைய குழாய்களை அகற்றிவிட்டு வேறு அளவில் புதிய குழாய்களைப் பொருத்துகிறது என்று கொள்வோம். பழைய அளவுக்கேற்பச் செய்யப்பட்ட சலவை இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை. ஆயினும், அதனுள் தண்ணீர் வராது.

பழைய மென்பொருளின் நிலையும் இதுவே. அது துருப்பிடிப்பதில்லை, தேய்வதும் இல்லை. 10 ஆண்டுகளுக்கு முன் எப்படி எழுதப்பட்டதோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. அது நம்பியிருந்த வசதிகளுள் ஒன்றைப் புதிய இயங்குதளம் மாற்றும்போதோ நீக்கும்போதோதான் அது நின்றுபோகிறது.

கட்டுரை தட்டச்சு செய்யும் ஒரு சிறிய மென்பொருளுக்கு இயங்குதளத்திடமிருந்து சில வசதிகளே தேவை. காணொளித் தொகுப்பு மென்பொருளுக்கோ நினைவகம், வரைகலை அட்டை, ஒலி, கோப்பு வடிவங்கள், வெளிக் கருவிகள் என ஏறத்தாழ எல்லாமே தேவை. சார்ந்திருக்கும் இடங்கள் மிகுதியானதால் அறுந்துபோகக்கூடிய இணைப்புகளும் மிகுதி.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு

பல பழைய மென்பொருள்கள் நின்றுபோனதற்குப் பெருங்காரணம், கணினி உலகம் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறியது. கணினி தன் நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணை முகவரியாகத் தருகிறது. வீட்டு எண்களை நான்கு இலக்கங்களில் மட்டுமே எழுத வேண்டும் என்ற விதி ஓர் ஊரில் இருந்தால், 0000 முதல் 9999 வரை 10,000 வீடுகளுக்குத்தான் எண் கொடுக்க முடியும். அடுத்த வீட்டைக் கட்டலாம். ஆனால், அஞ்சல்காரரால் அதைக் கண்டுபிடிக்க இயலாது.

32-பிட் மென்பொருளுக்கும் இத்தகைய எல்லை உண்டு. 2 என்னும் எண்ணை 32 முறை பெருக்கினால் 4,294,967,296 கிடைக்கும். அத்தனை பைட்டுகள், அதாவது 4 கிகாபைட் நினைவகம் மட்டுமே அதன் கைக்கு எட்டும். கணினியில் 16 கிகாபைட் நினைவகம் பொருத்தப்பட்டிருந்தாலும் எஞ்சியதை அதனால் பயன்படுத்த முடியாது.

எழுத்துகளுக்கு 4 கிகாபைட் தாராளம். காணொளிக்கோ அது போதாது. 4கே தரத்தில் அமைந்த ஒரு சட்டகத்தில் 3,840 படப்புள்ளிகள் அகலமும் 2,160 படப்புள்ளிகள் உயரமும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 8,294,400 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கும் ஒவ்வொரு பைட் தேவை. ஆக, சுருக்கப்படாத ஒரு சட்டகம் ஏறத்தாழ 25 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒரு வினாடியில் 30 சட்டகங்கள் ஓடினால் அதற்கு ஏறத்தாழ 750 மெகாபைட் தேவை. இந்தக் கணக்கில் 4 கிகாபைட் நினைவகம் ஆறு வினாடிகளுக்குள் நிரம்பிவிடும்.

64-பிட் முறையில் 18 பில்லியன் பில்லியனுக்கும் மேற்பட்ட முகவரிகள் உண்டு. அதனால்தான் காணொளித் தொகுப்பு மென்பொருள்கள் பல 64 பிட்டுக்கு மாறின. 2010ஆம் ஆண்டு வெளிவந்த அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5, 64-பிட் இயங்குதளத்தில் மட்டுமே இயங்குமாறு அமைக்கப்பட்டது.

மென்பொருள்கள் மாறிய பிறகும் இயங்குதளங்கள் சில காலம் இரண்டு முறைகளையும் தாங்கி நின்றன. இரண்டையும் பேணுவதற்கு ஒவ்வொரு வசதியையும் இரு வடிவங்களில் எழுதி, இரு முறை சோதித்து, இரண்டிலும் தோன்றும் பிழைகளைத் திருத்த வேண்டும். இந்தச் சுமையை ஆப்பிள் நிறுவனம் ஒரு கட்டத்தில் இறக்கி வைத்தது. 2018ஆம் ஆண்டிலேயே மேக் கணினிகளில் 32-பிட் மென்பொருளைத் திறந்தபோது எச்சரிக்கை தோன்றத் தொடங்கியது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மேக் ஓஎஸ் கேட்டலினா வெளியானது. அதில் எந்த 32-பிட் மென்பொருளும் இயங்கவில்லை.

மைக்ரோசாப்ட் நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 64-பிட் விண்டோஸுக்குள் 32-பிட் மென்பொருள்களுக்கென ஒரு தனி அடுக்கு அமைக்கப்பட்டுள்ளது. 2021ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 11, 64-பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. ஆனாலும், பழைய 32-பிட் மென்பொருள்கள் பல அதில் இயங்குகின்றன. அங்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கும் முந்திய தலைமுறையைச் சேர்ந்த 16-பிட் மென்பொருள்கள் 64-பிட் விண்டோஸில் இயங்குவதில்லை.

சில்லின் மொழி

இரண்டாவது காரணம் கணினியின் மூளையாக விளங்கும் சில்லு. ஒவ்வொரு வகைச் சில்லும் தனக்கென ஒரு கட்டளை மொழியைக் கொண்டுள்ளது. ஒரு சில்லுக்காக எழுதப்பட்ட மென்பொருளை மற்றொரு சில்லு புரிந்துகொள்வதில்லை.

மேக் கணினிகளில் இத்தகைய மாற்றம் பலமுறை நிகழ்ந்துள்ளது. 2006ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் பவர்பிசி சில்லுகளை விட்டு இன்டெல் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. பழைய மென்பொருள்கள் உடனே பயனற்றுப் போய்விடக் கூடாது என்பதற்காக ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு வசதி இயங்குதளத்தில் சேர்க்கப்பட்டது. அது பழைய கட்டளைகளைப் புதிய சில்லுக்குப் புரியும் மொழியில் மாற்றித் தந்தது.  ஆனால், 2011ஆம் ஆண்டு வெளிவந்த லயன் பதிப்பில் ரொசெட்டா நீக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் விலகியதும் பவர்பிசி மென்பொருள்கள் ஊமையாகிவிட்டன.

2020ஆம் ஆண்டு இறுதியில் ஆப்பிள் தான் வடிவமைத்த எம்1 சில்லை அறிமுகப்படுத்தியபோது இதே கதை மீண்டும் தொடங்கியது. இன்டெல் சில்லுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு உதவ ரொசெட்டா 2 வந்தது. இத்தகைய மொழிபெயர்ப்பு வசதிகள் ஆற்றைக் கடக்க உதவும் தற்காலிகப் பாலங்கள் போன்றவை. அக்கரை சேர்வதற்குக் கால அவகாசம் கிடைக்கும். பாலத்தின்மீதே குடியிருக்க முடியாது.

துணைகள் செய்யும் சிக்கல்

சில வேளைகளில் முதன்மை மென்பொருள் புதிய இயங்குதளத்துக்குப் பொருந்தியே இருக்கும். அதனோடு சேர்ந்து வேலை செய்யும் துணைகளில் ஒன்று காலை வாரிவிடும்.

அத்துணைகளுள் முதலாவது கோடெக். காணொளிகள் பெரும்பாலும் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. சுருக்கவும், மீண்டும் விரித்துப் பார்க்கவும் உதவும் முறையே கோடெக். 1990களில் சினிபேக், சோரன்சன் போன்ற கோடெக்குகள் பரவலாக இருந்தன. கேட்டலினா பதிப்பில் குவிக்டைம் 7 என்னும் பழைய கட்டமைப்பு நீக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த இத்தகைய கோப்பு வடிவங்களும் ஆதரவை இழந்தன. அதற்கு முந்திய மொஹாவி பதிப்பிலேயே இக்கோப்புகளைப் புதிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை ஐமூவியும் ஃபைனல் கட் புரோவும் வழங்கின. அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தியவர்கள் தப்பித்தார்கள்.

இரண்டாவது, செருகு மென்பொருள். நிறத்தைத் திருத்த, எழுத்துகளை அசைக்க, ஒலியைத் தூய்மையாக்க எனத் தனித்தனி நிறுவனங்கள் சிறு மென்பொருள்களை உருவாக்கி விற்கின்றன. 64-பிட் தொகுப்பு மென்பொருளுக்குள் 32-பிட் செருகு மென்பொருளை அப்படியே பொருத்த முடியாது. உருவாக்கிய நிறுவனம் புதிய பதிப்பை வெளியிடாவிட்டால் அந்த வசதி இழந்ததுதான்.

மூன்றாவது, வெளிக் கருவிகளை இணைக்கும் இயக்கி மென்பொருள். பழைய ஒளிநாடாக்களில் உள்ள காட்சிகளைக் கணினிக்குள் ஏற்றும் கருவிகளுக்கு இது தேவை. 64-பிட் விண்டோஸ், 32-பிட் மென்பொருளை ஏற்றுக்கொண்டாலும் 32-பிட் இயக்கியை ஏற்றுக்கொள்வதில்லை. தொகுப்பு மென்பொருள் திறக்கும். ஆனால், அதனோடு இணைத்த கருவியைக் கணினி அடையாளம் காணாது.

நான்காவது, நிறுவும் நிரலும் உரிமத்தைச் சரிபார்க்கும் நிரலும். அடோபி நிறுவனத்தின் பழைய மென்பொருள்கள் சில, தாம் 64-பிட் வகையைச் சேர்ந்தவையாக இருந்தும் கேட்டலினாவில் தடுமாறின. அவற்றை நிறுவும் பகுதியும் உரிமம் சரிபார்க்கும் பகுதியும் 32-பிட் வகையாக இருந்ததே அதற்குக் காரணம். வீடு உறுதியாக இருந்தும் வாசற்கதவு திறக்காத நிலை அது.

ஒரு மென்பொருளின் கதை

இக்காரணங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை ஃபைனல் கட் புரோ என்னும் மென்பொருளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஆப்பிள் நிறுவனம் அதனை 1999ஆம் ஆண்டு வெளியிட்டது. திரைப்படத் தொகுப்பாளர்கள் பலர் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' என்னும் ஹாலிவுட் படத்தை வால்டர் மர்ச் அதில் தொகுத்தார். 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' படமும் அதில் தொகுக்கப்பட்டுச் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

அம்மென்பொருளின் ஏழாம் பதிப்பு 2009ஆம் ஆண்டு வந்தது. அது 32-பிட் மென்பொருள். அதனை 64 பிட்டுக்கு மாற்றுவதற்குப் பதிலாக ஆப்பிள் எல்லாவற்றையும் புதிதாக எழுதியது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளியானது. அது வேகமானது, நினைவகத்தை முழுமையாகப் பயன்படுத்தியது. ஆனால், ஏழாம் பதிப்பில் செய்த வேலைகளை அதில் திறக்க முடியவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த படைப்புகள் ஒரு பக்கமும் புதிய கருவி மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றதைக் கண்டு தொகுப்பாளர்கள் பலர் வருந்தினர். சிலர் சினமுற்று வேறு மென்பொருள்களுக்கு மாறினர்.

ஏழாம் பதிப்பு விற்பனையிலிருந்து விலகினாலும் பழைய கணினிகளில் தொடர்ந்து இயங்கியது. 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஹை சியரா இயங்குதளத்தில் அது இயங்காது என்று ஆப்பிள் தெரிவித்தது. கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால், முடியவில்லை.

2019ஆம் ஆண்டு தென்கொரிய இயக்குநர் பொங் ஜூன்-ஹோவின் 'பாராசைட்' திரைப்படம் வெளிவந்தது. கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதையும், அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதையும் அது வென்றது. அதன் படத்தொகுப்பாளர் யாங் ஜின்-மோவும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவர் அந்தப் படத்தைத் தொகுத்தது பத்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஃபைனல் கட் புரோவின் ஏழாம் பதிப்பில்தான். அது அவருக்குக் கைவந்த கருவி. அந்த மென்பொருளை இயக்குவதற்குக் கணினியின் இயங்குதளத்தையும் பழைய பதிப்பிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது.

பழைய கருவி என்பதால் படைப்பின் தரம் குறையவில்லை. தம் வேலைக்கு எது தேவை என்பதைத் தொகுப்பாளர் அறிந்திருந்தார். மேம்படுத்த அழைக்கும் அறிவிப்பு அவருக்காக முடிவெடுக்க அவர் விடவில்லை. தொழில்முறைத் தொகுப்பாளர்கள் பலர் ஒரு படத்தின் வேலை பாதியில் இருக்கும்போது இயங்குதளத்தை மாற்றுவதில்லை என்னும் வழக்கத்தைக் கடைப்பிடிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் மேம்படுத்தவே வேண்டாமா?

பழைய இயங்குதளத்திலேயே என்றும் இருந்துவிடலாம் என்று சிலர் எண்ணக்கூடும். அதில் ஆபத்து உண்டு. இயங்குதளங்களில் அவ்வப்போது பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்படுகின்றன. உருவாக்கிய நிறுவனம் அவற்றைத் திருத்தி வெளியிடுகிறது. ஒரு பதிப்புக்கான ஆதரவு முடிந்ததும் இந்தத் திருத்தங்கள் நின்றுவிடும்.

2017ஆம் ஆண்டு மே மாதம் வானகிரை என்னும் தீநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் பணிகள்கூடப் பாதிக்கப்பட்டன. அது பயன்படுத்திய குறையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் பெறாத கணினிகளே பெரும்பாலும் சிக்கிக்கொண்டன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவடைந்தது. ஆகவே, இணையத்தோடு இணைந்த கணினியை என்றென்றும் பழைய நிலையில் வைத்திருப்பது பாதுகாப்பன்று.

இங்கே மற்றொரு வேறுபாட்டையும் அறிந்துகொள்வது நல்லது. 'ஆதரவு இல்லை' என்பதும் 'இயங்காது' என்பதும் ஒன்றல்ல. 2000ஆம் ஆண்டு அறிமுகமான விண்டோஸ் மூவி மேக்கர், பலருக்கு முதல் காணொளித் தொகுப்பு மென்பொருளாக விளங்கியது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதன் பிறகு அதைப் பதிவிறக்கம் செய்ய நிறுவனம் வழிவிடவில்லை, பிழைகளும் திருத்தப்படவில்லை. ஆனால், ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த கணினிகளில் அது தொடர்ந்து இயங்கியது. அத்தகைய மென்பொருளை ஒரு புதிய கணினிக்கு மாறும்போது உடன் கொண்டுசெல்வதுதான் கடினம்.

உண்மையில் எது பறிபோகிறது?

மென்பொருள் திறக்காமல் போவது ஓர் இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. தொகுப்பாளர் சேமிக்கும் வேலைக் கோப்பில் காணொளிக் காட்சிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. எந்தக் காட்சியை எந்த நொடியில் வெட்டுவது, அடுத்து எதைச் சேர்ப்பது, எங்கே இசையைக் குறைப்பது என்னும் குறிப்புகளே அதில் இருக்கும். அதை ஒரு சமையல் குறிப்பு எனலாம். காட்சிகள் அரிசியும் பருப்பும் போன்றவை. முடிவில் கிடைக்கும் காணொளி சமைத்த உணவு.

மென்பொருள் போனாலும் சமைத்த உணவு, அதாவது முடிக்கப்பட்ட காணொளி, எஞ்சியிருக்கலாம். ஆனால், அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் மொழியில் எழுதப்பட்ட சமையல் குறிப்பை இனி எவராலும் படிக்க முடியாது. காணொளியில் ஒரு பெயர் தவறாக இருந்தால்கூடத் திருத்த இயலாது. முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

இதற்குத் தீர்வு உண்டு. பல தொகுப்பு மென்பொருள்கள் தம் குறிப்புகளை எக்ஸ்எம்எல் போன்ற பொது வடிவத்தில் எழுதித் தருகின்றன. ஒளிநாடாக் காலத்திலிருந்தே வழக்கில் உள்ள தொகுப்புப் பட்டியல் என்னும் எளிய உரைக் கோப்பும் உண்டு. அவற்றை வேறு மென்பொருள்களும் படிக்கும். சிறப்பு அலங்காரங்கள் சில விடுபட்டாலும் வெட்டுகளும் வரிசையும் பெரும்பாலும் தப்பிப்பிழைக்கும். ஆனால், பழைய மென்பொருளைத் திறந்தால்தான் அந்தப் பொதுக் கோப்பை உருவாக்க முடியும். எனவே, இவ்வேலையை மேம்படுத்துவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

மேம்படுத்தும் முன் செய்ய வேண்டியவை

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. கணினிக்கும் அது பொருந்தும். சில எளிய ஏற்பாடுகளைச் செய்துகொண்டால் பெரும் இழப்பைத் தவிர்க்கலாம்.

முதலாவதாக, மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது புதிய இயங்குதளத்தில் இயங்குமா என்பதை உருவாக்கிய நிறுவனத்தின் அறிவிப்பில் சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் 10 கணினியில் மென்பொருளைத் திறந்து வைத்துப் பணி மேலாளரைப் பார்த்தால், 32-பிட் மென்பொருளின் பெயருக்கு அருகில் அந்தக் குறிப்பு இருக்கும். மேக் ஓஎஸ் மொஹாவியில் கணினி அறிக்கையைத் திறந்தால் பழைய வகை மென்பொருள்களின் பட்டியலே கிடைக்கும். செருகு மென்பொருள்களையும் வெளிக் கருவிகளையும் இந்தச் சோதனையில் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவதாக, கையிலுள்ள வேலையை முடித்துவிட வேண்டும். முடிந்த காணொளியை உயர்ந்த தரத்தில், பரவலாக வழங்கும் வடிவத்தில் சேமிக்க வேண்டும். வேலைக் கோப்பையும் அதன் பொது வடிவத்தையும் மூலக் காட்சிகளையும் ஒரே உறையில் சேர்த்து வைப்பது நல்லது.

மூன்றாவதாக, கணினி முழுவதற்கும் ஒரு காப்பு நகல் எடுத்து, அதைத் தனி வட்டில் வைக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு மேம்படுத்திய பின் முந்திய பதிப்புக்குத் திரும்பும் வசதி பொதுவாக 10 நாள்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. அதன் பிறகு காப்பு நகலே துணை.

நான்காவதாக, வாய்ப்பிருந்தால் முதலில் சோதித்துப் பார்க்கலாம். மேக் கணினியில் புதிய இயங்குதளத்தை ஒரு வெளி வட்டில் நிறுவிப் பார்க்க வழியுண்டு. பல கணினிகள் உள்ள பள்ளி ஊடகக் கழகமானால், எல்லாவற்றையும் ஒரே நாளில் மேம்படுத்தாமல் ஒன்றை மட்டும் மேம்படுத்தி, பழைய வேலைகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடலாம்.

மேம்படுத்திய பிறகே சிக்கலை உணர்ந்தவர்களுக்கும் சில வழிகள் உள்ளன. விண்டோஸில் ஒரு மென்பொருளைப் பழைய பதிப்பில் இயங்குவதுபோல் இயக்கும் இணக்க முறை உண்டு. மெய்நிகர் இயந்திரம் என்னும் மென்பொருள், ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி இருப்பதுபோல் பழைய இயங்குதளத்தை இயக்கிக் காட்டும். காணொளித் தொகுப்புக்கு அது வேகம் குறைந்ததாக இருந்தாலும், ஒரு பழைய கோப்பைத் திறந்து பொது வடிவத்துக்கு மாற்ற உதவலாம். பழைய கணினி ஒன்றை இணையத்தோடு இணைக்காமல் தனியே பாதுகாத்து வைப்பதும் நடைமுறையில் பலர் பின்பற்றும் வழிதான்.

இயங்குதளங்கள் இனியும் மாறிக்கொண்டே இருக்கும். இன்று புதியதாகத் தோன்றும் மென்பொருளும் நாளை பழையதாகும். அந்த மாற்றத்தைத் தடுக்க எவராலும் இயலாது. தடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு தலைமுறையின் நினைவுகள் இன்று ஏட்டிலும் நிழற்படத்திலும் மட்டுமின்றிக் கணினிக் கோப்புகளிலும் வாழ்கின்றன. தாத்தாவின் குரலும் தம்பியின் முதல் நடையும் பதிவான காட்சிகள் ஒரு பொத்தானை அவசரப்பட்டு அழுத்தியதால் பூட்டிப் போய்விடக் கூடாது. பொறுமையாக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு ஆய்ந்து, நகலெடுத்து, பிறகு மேம்படுத்துபவருக்குப் புதிய இயங்குதளத்தின் பாதுகாப்பும் கிடைக்கும். பழைய உழைப்பும் கையில் இருக்கும்.